எழுபத்தைந்து என்று எழுதியவள்

அந்தத் தொழிற்சாலையில் முந்நூறு பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருத்தி மட்டும் நின்று வேலை செய்தாள். சும்மா நின்றாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளுக்குக் கோபம் வரும். முழுக்கதையும் தெரிந்த எனக்கும் கொஞ்சம் வரும்.

அது பிரா தைக்கிற தொழிற்சாலை. புது மாடல் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, துணியில் வெட்டி, மெஷினில் தைத்துவிடலாம். ஆனால் அது உடம்பில் எப்படி உட்கார்கிறது என்று காகிதமும் சொல்லாது, மேஜையும் சொல்லாது. யாராவது போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவதுதான் இவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவளும் மற்றவர்களைப் போல மெஷினில் குனிந்திருந்தவள்தான். சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து அளந்தார்கள். மார்புக்குக் கீழே சுற்றளவு எழுபத்தைந்து சென்டிமீட்டர், தோள் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. முப்பத்துநாலு பி சைஸ் என்று எங்கோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்த உடம்பு அச்சு அசலாக இவளிடம் இருந்தது. அன்றைக்கே மெஷினிலிருந்து எழுப்பி சாம்பிள் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் அளவு அக்கா.

வேலை சுலபமில்லை. திரைக்குப் பின்னால் போய்ப் புதிய சாம்பிளைப் போட வேண்டும். மூன்று வரிசைக் கொக்கியில் கடைசி வரிசையில், அதாவது எல்லாவற்றையும்விடத் தளர்வாக இருக்கும் வரிசையில் மாட்ட வேண்டும். போகப் போக இலாஸ்டிக் தளரும், அப்போது உள்வரிசைக்கு வரலாம் என்பது கணக்கு. பிறகு கையைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, பத்து நடை நடந்து, கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்து, எங்கே உரசுகிறது, எங்கே பிடிக்கிறது என்று திரைக்கு வெளியே நிற்கிற மாஸ்டருக்குக் குரல் கொடுக்க வேண்டும். மாஸ்டர் துணியை எப்படி வெட்டுவது என்று காகிதத்தில் வரைந்து கொடுக்கிறவர், அறுபதைத் தொடப் போகிற கூச்ச சுபாவி. பெண்களின் உள்ளாடைக்கே வாழ்நாளைக் கொடுத்த அந்த மனிதர் 'மார்பு' என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அந்த இடத்துல சரியா இருக்காம்மா?" என்றுதான் கேட்பார்.

மாதம் பிறந்தால் அவள் உடம்பை அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அளக்கிற கோல் வளைந்துவிட்டால் அளப்பது எல்லாமே வளைந்துவிடும் அல்லவா, அதற்காக. முன்பு சாம்பிள் ரூமில் இன்னொரு பெண்மணி இருந்தாள், அவள்தான் டேப் பிடிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். மாஸ்டருக்கோ டேப்பை அளவு அக்கா பக்கம் நீட்டவே கை கூசியது. "நீங்களே எடுத்து எழுதிடுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்று நோட்டைக் கொடுத்துவிட்டார்.

எழுதினாள். சில மாதம் ஒழுங்காகத்தான் எழுதினாள். ஒரு மாதம் டேப் எழுபத்தாறு காட்டியது. மூச்சை வெளியே விட்டு இன்னொரு முறை சுற்றினாள், எழுபத்தைந்தரை. அடுத்த மாதம் மூச்சை விட்டும் எழுபத்தாறு. பேனாவை எடுத்து எழுபத்தைந்து என்று எழுதினாள். அதற்கடுத்த மாதத்திலிருந்து டேப்பை எடுக்கவே இல்லை, பேனாவை மட்டும் எடுத்தாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. நாற்பத்திரண்டில் உடம்பு செய்வதை அவள் உடம்பும் செய்தது, அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிப் பார்த்தாள். மாடிப்படியைப் பத்துத் தடவை ஏறி இறங்கினாள். விலா எலும்பு பட்டினிக்கெல்லாம் அசைந்து கொடுக்குமா? ஆனால் உண்மையை எழுதினால் மறுபடி மெஷின். பதினோரு வருஷத்தில் மெஷின் கையைவிட்டுப் போயிருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மெஷினில் சின்னவள் இருந்தாள்.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி பெண்டாட்டி. கீழ்வீட்டில் இவள் குடும்பம், மாடியில் அவள் குடும்பம். சின்னவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவள்தான். சேர்ந்த மூன்றாம் வருஷமே கீழ்ப்பட்டைக்கு இலாஸ்டிக் ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஆகிவிட்டது. அந்த வேலையில் எல்லாம் கைதான். இலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடி துணியில் ஓட்ட வேண்டும். இழுப்பு கொஞ்சம் குறைந்தால் பட்டை தொளதொளக்கும், கூடினால் மூச்சு முட்டும். ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே சைஸ் சீட்டு, ஆனால் இரண்டு பேர் கை பட்டால் இரண்டு விதமாக உட்காரும். சின்னவள் கை மட்டும் காலை எட்டு மணிக்கு எப்படியோ மாலை ஐந்துக்கும் அப்படியே இருக்கும். வாய்தான் அப்படி இருக்காது. எட்டு மாதத்துக்கு முன்னால் துணி காயப்போடுகிற கொடிக்காக ஆரம்பித்த சண்டையில், தெரு முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்: "நான் உழைச்சுச் சாப்பிடறேன். நின்னு சம்பளம் வாங்குற பொம்மை இல்ல." அன்றோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் தொழிற்சாலைக்குப் புது மில்லிலிருந்து துணி வரத் தொடங்கியிருந்தது. முதல் சாம்பிளைப் போட்டதும் அளவு அக்கா, "கீழ்ப்பட்டை பிடிக்குது மாஸ்டர்" என்றாள். அது பொய் இல்லை, நிஜமாகவே பிடித்தது. "புதுத் துணி கொஞ்சம் முரடு போலிருக்கு" என்று மாஸ்டர் வெட்டைத் தளர்த்தினார். நாலு மாதம் கழித்து மறுபடி பிடித்தது. மறுபடி தளர்த்தினார். மூன்றாவது தடவையும் அதே கதை. பதினாலு மாதத்தில் பட்டை இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. பழி முழுக்கத் துணிக்கு. துணி பாவம், வாயில்லாத ஜீவன்.

பதினைந்து நாளைக்கு முன்னால் புகார் வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கட்டாக வந்தது. எல்லாம் ஒரே பாட்டு: போன வருஷம் இதே கம்பெனி, இதே மாடல், இதே முப்பத்துநாலு பி வாங்கினேன், கச்சிதமாக இருந்தது. இப்போது வாங்கியது முதுகில் மேலே ஏறுகிறது, தோள் வார் நழுவுகிறது. ஏன்?

மேனேஜர் லைனுக்கு வந்து கத்தினார். வெட்டு சரி, சாம்பிள் சரி, அளவு அக்கா உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்த சாம்பிள். அப்படியென்றால் தைக்கிற கைதான் தளர்ந்திருக்கிறது. இலாஸ்டிக் ஓட்டுகிறவள் யார்? எல்லார் கண்ணும் சின்னவள் பக்கம் திரும்பியது. அளர்ந்தது கையில்லை, தன் உடம்பு என்று அளவு அக்காவுக்கு மட்டும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஆய்வு செய்ய ஒரு மேடம் வந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். காலையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பிரித்து அளந்தார். நாலு மணிக்கு அவருக்கு வண்டி. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் இல்லை என்று மேனேஜர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல் அலைந்தார். மூன்று மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: சின்னவள் தைத்த உருப்படி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து அளவு அக்காவுக்குப் போட்டுப் பார்ப்பது. தளர்வாக இருந்தால் குற்றம் கையில். இன்றைக்கே சின்னவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

திரைக்குப் பின்னால் அளவு அக்காவும் மேடமும். வெளியே மேனேஜர், மாஸ்டர், வரச்சொல்லி நிற்க வைத்த சின்னவள். திரை தரையைத் தொடாது, ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் சின்னவளின் செருப்பு தெரிந்தது. கால்விரல்கள் செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"முதல்ல பழசு" என்று மேடம் ஒன்றை நீட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் முத்திரை போட்டுப் பத்திரப்படுத்திய சாம்பிள். அளவு அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியைத் தேடினாள். கடைசி வரிசை எட்டவில்லை. மூச்சை விட்டு, வயிற்றை எக்கி, எப்படியோ மாட்டினாள். பட்டை விலாவில் பதிந்தது.

"டைட்டா இருக்கே?"

"வெச்சு வெச்சுச் சுருங்கியிருக்கும் மேடம்."

மேடம் எழுதிக்கொண்டார். அடுத்து பெட்டியிலிருந்து எடுத்தது. அளவு அக்கா மாட்டினாள். உடம்போடு பிறந்தது போல் உட்கார்ந்தது அது. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. சின்னவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. இந்த உடம்புக்காக வெட்டியதை அவள் இம்மி பிசகாமல் தைத்திருக்கிறாள்.

"லூஸா இருக்கா இல்லையா?" வெளியிலிருந்து மேனேஜர்.

அந்த மேடத்துக்கு ஒரு வழக்கம். போட்டவரின் வார்த்தை முதலில், தன் விரல் பிறகு. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சரியாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். வாங்கினவர்களுக்கெல்லாம் லூஸ், உனக்கு மட்டும் எப்படிச் சரி? அப்புறம் டேப் வரும், நோட்டு வரும், பதினெட்டு மாதமாக எழுதிய பதினெட்டு எழுபத்தைந்தும் வரும். லூஸ் என்றால் எதுவும் வராது. ஒரே ஒரு வார்த்தை.

"அவங்க வாயால வந்தா போதும் சார்" என்றார் மாஸ்டர். "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட அவங்க அளவு தப்பினதில்ல."

நம்பிக்கை சில நேரம் செருப்பால் அடிப்பதைவிட வலிக்கும். அவளுக்கு வலித்தது. ஆனாலும் செய்தாள். செய்யத் தெரிந்தவள், அதுதானே அவள் தொழில். மூச்சை மெல்ல முழுக்க வெளியே விட்டாள். விட்டு அப்படியே நிறுத்தினாள். இடது தோளை ஒரு விரற்கடை இறக்கினாள். தோள் வார் நழுவிப் புஜத்தில் விழுந்தது.

"கொஞ்சம்... லூஸாத்தான் இருக்கு."

மேடம் எழுந்து கீழ்ப்பட்டைக்குள் விரல் விட்டார். இரண்டு விரல் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. தலையை ஆட்டினார்.

"கேட்டியா?" மேனேஜர் குரலில் நிம்மதியே வந்துவிட்டது. "நான் சொன்னப்ப இல்லைனு நின்னியே. போ, மெஷினை ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போ."

திரைக்கு உள்ளே அளவு அக்கா காத்திருந்தாள். இப்போது சின்னவள் வெடிப்பாள். கொடிக் கயிற்றுக்கே தெருவைக் கூட்டியவள், இதற்குச் சும்மா விடுவாளா? என் கையைப் பற்றிப் பேச நீ யார் என்று மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்குவாள். திரையைப் பிடுங்கி எறிந்தாலும் எறிவாள். எறியட்டும். அப்படி நடந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம், கோபத்தில் மனசாட்சியை மூடிவிடலாம்.

"சரிங்க சார்" என்றது சின்னவளின் குரல். ரொம்ப சின்னக் குரல். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். என் கைதான் போயிடுச்சு போல."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த 'அக்கா'.

செருப்புகள் திரும்பின. அளவு அக்கா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பட்டை விம்மி உடம்போடு ஒட்டியது. தோளை நிமிர்த்தி வாரை ஏற்றிவிட்டாள். மேடத்தின் பேனா நின்றது.

"இல்ல" என்றாள். பத்தவில்லை என்று நினைத்தோ என்னவோ, திரைக்கு வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இல்ல! அவ கை சரியா இருக்கு. இது எனக்கு அச்சா பொருந்துது. நான்தான் மாறிட்டேன். மேடம், டேப் எடுங்க."

மேடம் டேப்பைச் சுற்றினார். மூச்சை விடச் சொல்லவில்லை, அவளும் விடவில்லை. எழுபத்தெட்டு.

சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மேனேஜர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து, எழுபத்தைந்து, எழுபத்தைந்து. பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கழுத்து சிவந்தது. "ஒரு பொம்பளை உடம்பு போட்டதுக்கு ஒரு கம்பெனியே உடம்பு போட்டிருக்கு! பதினாலு மாசம்! யாரை ஏமாத்தினே நீ?" மாஸ்டர் சுவரோரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். "கூச்சப்பட்டுக்கிட்டு நோட்டை அவங்ககிட்டயே குடுத்தேன். துணியைக்கூட இழுத்துப் பார்க்கல நான். அவங்க வார்த்தையைத்தான் பார்த்தேன்."

மேடம்தான் அலட்டிக்கொள்ளாமல் பேசினார். "நான் போற ஒவ்வொரு ஃபேக்டரியிலயும் இவங்களை மாதிரி ஒருத்தர் இருக்காங்க. ஒருத்தருக்கு விலா அகலம், ஒருத்தருக்கு முதுகு ஒடுக்கம், ஒருத்தருக்குத் தோள் சரிவு. எல்லாருக்கும் முப்பத்துநாலு பி-ன்னுதான் பேர். அவங்கவங்க ஃபேக்டரி அவங்கவங்க உடம்புக்கு வெட்டுது. கடையில எல்லாத்தையும் ஒரே சைஸ்னு ஒரே தட்டுல அடுக்கிடறாங்க. வாங்கறவங்க பாவம், தன் உடம்புலதான் கோளாறுன்னு நினைச்சுக்கறாங்க." பிறகு அளவு அக்காவைப் பார்த்தார். "உடம்பு மாறினது தப்பே இல்ல. எழுதினது தப்பு." அறிக்கையில், தையலில் குறை இல்லை என்று முதல் வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குக் கிளம்பினார்.

மேனேஜர் வேலையை விட்டே அனுப்பப் பார்த்தார். மாஸ்டர் தானும் போவதாகச் சொன்னார். மாஸ்டர் இல்லாமல் வெட்டு நடக்காது, அதனால் அவளை லைனுக்கு அனுப்புவதோடு விட்டார்கள். மறுநாள் காலையில் அவளுக்குக் காட்டப்பட்ட மெஷின் சின்னவளுக்கு அடுத்தது. வேண்டுமென்றே செய்தார்களா, அது ஒன்றுதான் காலியாக இருந்ததா, எனக்குத் தெரியாது.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் கொடுத்துப் பேசுவாள், குறைந்தபட்சம் நன்றியாவது சொல்வாள் என்று பெரியவளான அளவு அக்கா மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும். வேலை போயிருந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேனே என்று வழியெல்லாம் தன்னைத் தானே தட்டிக்கொடுத்தபடிதான் வந்திருந்தாள். இலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. ஊசி ஓடியது, துணி கோணியது. ஒருவழியாக முதல் உருப்படியை முடித்துத் தட்டில் போட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். சின்னவள் எழவில்லை. மெஷினை நிறுத்தி, தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதினஞ்சு நாளா எனக்குக் கை நடுங்குச்சு. சாப்பாடு பிசையும்போதுகூட இந்தக் கையை நம்பல நான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, பழைய இலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பழகினேன், கை போயிடுச்சேன்னு. தலகாணியை வாயில வெச்சு அழுதிருக்கேன். நீங்க நேரா கீழதானே படுக்கறீங்க?" இப்போதுதான் அவள் திரும்பி நேராகப் பார்த்தாள். "உங்களுக்குக் கேட்கவே இல்லையா அக்கா?"

இதை நான் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை நான் எப்படிச் சொல்வது? கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. தூங்கிவிட்டேன், மின்விசிறிச் சத்தம், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நேற்று எல்லார் முன்னாலும் உண்மை சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, இங்கே கேட்பதற்கு ஒருத்திதான் இருந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அதையும் அடக்கினாள்.

"கேட்டுச்சு" என்றாள். "தினமும் கேட்டுச்சு."

சின்னவள் திட்டவில்லை. தட்டில் கிடந்த அந்த முதல் உருப்படியை எடுத்து, கீழ்ப்பட்டையை இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அதைப் பெரியவளின் மெஷின்மேல் வைத்தாள்.

"இழுப்பு பத்தல. பிரிச்சுட்டு மறுபடி தைங்க."